கல் ஈலா 25: வயதான புகை விஸ்கியை முதல் முறை சுவைக்கிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா என்ற தீவு இருக்கிறது. அங்கே முளைகட்டிய பார்லியைக் காய வைக்க பீட்டை எரிப்பார்கள். சதுப்பு நிலத்தில் பல்லாயிரம் வருடமாக மக்கிப் படிந்த பாசியும் செடிகொடியும்தான் பீட். அந்தப் புகையிலுள்ள ஃபீனால்கள் என்ற மணப்பொருட்கள் பார்லியில் ஒட்டிக்கொண்டு, கடைசியில் நம் கிளாஸ் வரை வருகின்றன.

வயதாக ஆகப் புகை ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும்போது புகை மெல்ல அடங்குகிறது, அதுவரை பின்னால் நின்ற மணங்கள் முன்னுக்கு வருகின்றன. இதை நாமே உணர்ந்து பார்க்கத்தான் இந்தச் செய்முறை.

முதலில், எதை வாங்குவது? ஐலாவின் போர்ட் எலன் டிஸ்டிலரி (விஸ்கி வடிக்கும் ஆலை) 1983இல் மூடப்பட்டு 2024இல்தான் மறுபடி திறந்தது. மூடுவதற்கு முன் வடித்த அதன் பழைய சரக்கு இன்று எட்டாத விலை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கல் ஈலா 25, அதாவது அதே தீவின் கல் ஈலா டிஸ்டிலரியில் வடித்து 25 வருடம் பீப்பாயில் கிடந்த விஸ்கி. இதுவும் விலை அதிகம்தான், அதனால் பாட்டில் வேண்டாம். நல்ல விஸ்கி பாரில் ஒரு அளவு மட்டும் கேளுங்கள். பிரிட்டனில் அது 25 அல்லது 35 மில்லி. கூடவே கல் ஈலா 12இலும் ஒரு அளவு. ஒரே டிஸ்டிலரி, இரண்டிலும் ஆல்கஹால் 43 சதவீதம். பெரிய வித்தியாசம் வயதுதான்.

அடுத்து கிளாஸ். வாய் குறுகிய டியூலிப் வடிவம் வேண்டும், கிளென்கெய்ர்ன் என்ற விஸ்கி கிளாஸ் இருந்தால் நல்லது. ஐஸ் போட வேண்டாம், குளிர்ச்சியில் மணம் அடங்கிவிடும். காரமாகச் சாப்பிட்ட கையோடும் உட்காராதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்து பாதி மணத்தைத் தவறவிட்டேன், இன்னும் வருத்தம்தான்.

ஊற்றிய பிறகு 25ஐ அப்படியே விடுங்கள். ஒவ்வொரு வருட வயதுக்கும் ஒரு நிமிடம் என்று விஸ்கிக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். நான் இருபது நிமிடமாவது பொறுப்பேன்.

அதற்குள் 12ஐ எடுங்கள். குடிக்காமல் முகர மட்டும் செய்யுங்கள். கிளாஸை மோவாய்ப் பக்கம் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து மெதுவாக இழுங்கள். மூக்கை உள்ளே நுழைத்தால் ஆல்கஹால்தான் ஏறும். எலுமிச்சைத் தோல், உப்புக் காற்று, எரிகிற விறகின் புகை எல்லாம் நேராக வரும்.

இப்போது 25. இங்கே அவசரமே வேண்டாம். முதலில் புகையே இல்லாத மாதிரி இருக்கும். பழுத்த பழம், மெழுகு, பழைய மரப்பெட்டி மாதிரி ஏதோ தெரியும். ஒரு நிமிடம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முகருங்கள். அடியில் புகை இருக்கிறது, ஆனால் எரிகிற விறகாக இல்லை, அணைந்த அடுப்பின் சாம்பலாக. எனக்கு இந்த விஸ்கியின் உயிரே அந்த இடம்தான்.

அப்புறம் ஒரு சின்ன மடக்கு. இது வாய் பழகுவதற்கு, இதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது மடக்கைப் பத்து விநாடி நாக்கில் சுழற்றி விழுங்குங்கள். விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மூச்சு விட்டால் சாம்பல் திரும்பி வரும்.

பாதி முடிந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர். புகை மணம் தருகிற குவாயகால் என்ற மூலக்கூறு, நீர் சேரும்போது மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி வழியே காட்டினார்கள். ஆனால் 43 சதவீதத்தில் நீர் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, ஒரு சொட்டுக்கு மேல் போனால் சுவை சரிந்துவிடும்.

கடைசியாக 12ஐக் குடியுங்கள். முன்னாலேயே குடித்தால் அதன் புகை நாக்கை மூடிக்கொள்ளும்.

எப்போதாவது வீட்டில் ஊற்றினால், குடித்த கிளாஸை அன்று கழுவ வேண்டாம். மறுநாள் காலையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போயிருக்கும், சாம்பல் அங்கேயே இருக்கும்.