எதனோலும் நொதியமும்: பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாப்பொருளைச் சிதைக்கும் நொதியமான உமிழ்நீர் அமைலேசில் எதனோல் (அற்ககோல்) கலந்து தாக்கம் மந்தமானால், உயர்தர மாணவர் பலர் உடனே "நொதியம் இயல்பழிந்தது", அதாவது அதன் வடிவம் குலைந்தது, என்று எழுதிவிடுகிறார்கள். எதனோல் கூடும்போது புரதத்தின் உள்ளே மடிந்திருக்கும் நீர்வெறுப்புப் பகுதிகள் தளர்ந்து தாக்கம் நடக்கும் இடமான உயிர்ப்பு மையம் குலைவது உண்மைதான். ஆனால் வேகம் குறைய வேறு காரணங்களும் உண்டு.

பெரிய தவறு, அயடீன் நிறத்தை அப்படியே நம்புவது. நீலம் மங்கினால் நொதியம் மாப்பொருளைச் சிதைத்துவிட்டது என்று கொள்வதே வழக்கம். மாப்பொருளின் சுருளுக்குள் அயடீன் புகுவதால்தான் நீலம் வருகிறது. எதனோல் மிகுந்தால் அயடீன் அதிலேயே கரைந்து நின்றுவிடும். நொதியம் ஒன்றும் செய்யாமலே நீலம் மங்கும். அதே எதனோல் மாப்பொருளை வீழ்படியவும் செய்யும், அப்போது நொதியத்துக்குக் கீழ்ப்படை (அது தாக்கும் பொருள்) கிடைக்காது. ஆகவே தாக்கக் கலவையில் ஒரு துளியை மட்டும் எடுத்து 2 மில்லிலீற்றர் ஐதான அயடீனில் விடுங்கள். ஒவ்வொரு எதனோல் செறிவுக்கும் கொதிக்கவைத்த உமிழ்நீருடன் ஒரு கட்டுப்பாட்டுக் குழாய் கட்டாயம். எதனோல் சேர்க்கும் முன்பே கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்; சுவாலைக்கு அருகே எதனோல் வேண்டாம்.

அளவு: மொத்தம் 5 மில்லிலீற்றரில் 20 சதவீதம் வேண்டுமானால் 96 சதவீத எதனோல் 1.04 மில்லிலீற்றர். அதற்கு இடம்விட நீரைக் குறையுங்கள், pH மாறாமல் காக்கும் தாங்கற் கரைசலைக் குறைக்காதீர்கள்.

தூய எதனோலை நொதியத்தின் மேல் ஊற்றினால் விழுந்த இடத்தில் செறிவு எகிறும், கலக்கும்போது வெப்பமும் வெளிவரும். எதனோலையும் தாங்கற் கரைசலையும் முதலில் கலந்து ஆறவிட்டு, நொதியத்தைக் கடைசியில் சேர்ப்பதே சரி. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் ஆய்கூட மேசையே 30 பாகையைத் தாண்டும். எதனோல் இருந்தால் நொதியம் குறைந்த வெப்பத்திலேயே கெடும். எல்லாக் குழாய்களையும் ஒரே நீர்த்தொட்டியில் வையுங்கள். பாமசி சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பயன்படுத்த வேண்டாம், அதில் ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருக்கலாம்.

இயல்பழிந்ததா என்பதை ஐதாக்கித்தான் அறியலாம். நொதியத்தை 40 சதவீத எதனோலில் 15 நிமிடம் வைத்து, தாங்கற் கரைசலால் 20 மடங்கு ஐதாக்குங்கள். எதனோல் 2 சதவீதமாகும். நீரில் வைத்த நொதியத்தையும் அதே அளவு ஐதாக்கி, அதிலும் எதனோலை 2 சதவீதமாக்கி ஒப்பிடுங்கள். வேகம் மீண்டால் அது மீளக்கூடிய தடை. மீளாவிட்டால்தான் வடிவம் நிரந்தரமாகக் குலைந்தது என்று எழுதலாம்.

இதை எல்லாச் சேதனக் கரைப்பான்களுக்கும் பொருத்தக் கூடாது. கொழுப்பைச் சிதைக்கும் நொதியமான பன்றிக் கணைய இலிப்பேசு ஏறத்தாழ நீரற்ற சேதன ஊடகத்தில் 100 பாகை செல்சியசிலும் மணிக்கணக்காக உயிர்ப்போடு இருப்பதை 1984இல் ஆய்வாளர்கள் சாக்ஸும் கிளிபனோவும் காட்டினர். எக்சேன் போன்ற நீரோடு கலவாத கரைப்பான்கள் புரதத்தைச் சுற்றியுள்ள நீர்ப்படையை எதனோல்போல உரித்தெடுப்பதில்லை. ஆனால் நொதியத் தூள் அதில் கரையாது; குலுக்காமல் விட்டால் கட்டியாகி அடியில் தங்கும், அந்த மந்தத்தையும் இயல்பழிதல் என்று எழுதிவிடாதீர்கள்.