திருகாணியின் தலையில் நாம் கவனிக்காத பள்ளம்

திருகாணி வாங்கும்போது நீளம் பார்க்கிறோம், கனம் பார்க்கிறோம், துருப்பிடிக்குமா என்று கேட்கிறோம். தலையில் இருக்கும் பள்ளத்தை மட்டும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆனால் அந்தத் திருகாணி ஒழுங்காக உள்ளே இறங்குவதும், பத்து ஆண்டு கழித்து ஒழுங்காக வெளியே வருவதும் அந்தப் பள்ளத்தைப் பொறுத்ததுதான்.

ஓர் அலமாரிக் கதவின் கீலைக் கழற்றப் போய் இதைக் கற்றுக்கொண்டேன். நான்கு திருகாணிகள், நான்கும் ‘ஸ்டார்’. கையிலிருந்த ஸ்டார் திருப்புளியை வைத்து அழுத்தித் திருப்பினேன். முதலாவது வந்துவிட்டது. இரண்டாவதில் முனை ‘டக்’கென்று வெளியே எகிறியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி எகிறியது. நான்கைந்து முறைக்குள் சிலுவையின் சுவர்கள் தேய்ந்து, பளபளவென்று ஒரு வட்டக் குழிதான் மிஞ்சியது. பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். மீதி இருந்த தலைகளில், சிலுவையின் கைகளுக்கு நடுவே முடி போல மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தன. அது போசிட்ரைவ். என் கையில் இருந்தது ஃபிலிப்ஸ்.

‘ஸ்டார்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1930களில் அமெரிக்காவின் ஹென்றி ஃபிலிப்ஸ் பரவலாக்கிய சிலுவைப் பள்ளத்தின் சுவர்கள் அடியை நோக்கிச் சரிந்திருக்கும். அதனால் முறுக்கும் விசை கூடக்கூட முனை சரிவில் ஏறி வெளியே வரப் பார்க்கும். 1960களில் வந்த போசிட்ரைவில் சுவர்கள் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். முனை அவ்வளவு எளிதில் ஏறாது. ஃபிலிப்ஸ் முனையைப் போசிட்ரைவ் தலையில் வைத்தால் உள்ளே ஆடும். போசிட்ரைவ் முனையை ஃபிலிப்ஸ் தலையில் வைத்தால் அடி வரை இறங்காது. மூன்றாவதாக ஜப்பானியச் சிலுவையும் உண்டு. பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளிலோ கேமராவிலோ தலையின் ஓரத்தில் ஒற்றைப் புள்ளி இருந்தால், ஃபிலிப்ஸை எடுக்காதீர்கள். அதற்கென்றே உள்ள திருப்புளி வேண்டும். முனைகளின் உடலில் ஃபிலிப்ஸுக்குப் பிஎச், போசிட்ரைவுக்குப் பிஇசட் என்று பொறித்திருக்கும். வைப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

வகை சரியாக இருந்தும் முனையின் அளவைச் சொல்லும் எண் தவறினால் அதே கதைதான். 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை கனமுள்ள மரத் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் 2ஆம் எண்; 6 மில்லிமீட்டருக்கு 3. முனையைப் பள்ளத்தில் வைத்து இடமும் வலமும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அடுத்த எண்ணை எடுங்கள்.

நீளமான மரத் திருகாணிக்கு நான் தேர்ந்தெடுப்பது டார்க்ஸ், அதாவது ஆறு இதழ்ப் பள்ளம். 1967இல் வந்தது. சுவர்கள் செங்குத்தாக இருப்பதால் முனை மேலே தள்ளப்படுவதில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தவும் வேண்டியதில்லை. இதன் அளவுகளை டி என்ற எழுத்தோடு எண் சேர்த்துச் சொல்வார்கள்: வழக்கமாக 4 மில்லிமீட்டர் கனத்துக்கு டி 20, 5க்கு டி 25. இங்கே நடக்கும் பெரிய தவறு, டி 25 பள்ளத்தில் டி 20ஐப் போடுவது. அது உள்ளே போகும், திருப்பவும் செய்யும், ஏமாற்றிக்கொண்டே வந்து கடைசி இறுக்கில் இதழ்களை வழித்துவிடும். அறுகோணப் பள்ளத்துக்கான ஆலன் கீயை டார்க்ஸில் நுழைப்பதும் இதே விபரீதம்.

அதற்காக எல்லா இடத்திலும் டார்க்ஸ்தான் என்று சொல்ல மாட்டேன். ஜிப்சம் பலகைக்கு ஃபிலிப்ஸ்தான் பொருத்தம். அதற்கான முனையில் ஒரு வளையம் இருக்கும். பலகையின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் தலை சற்றே பதிந்ததும் வளையம் பலகையில் முட்டி நிற்க, முனை தானாக விலகிக்கொள்ளும். மற்ற இடத்தில் குறையாக இருக்கும் குணம் அங்கே காகிதம் கிழியாமல் காக்கிறது.

ஆலன் கீயில் மில்லிமீட்டரும் அங்குலமும் கலந்துவிடுவது கொடுமை. 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர். அதை 5 மில்லிமீட்டர் பள்ளத்தில் நுழைத்தால் கிட்டத்தட்டச் சரி போலவே இருக்கும். அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஆறு மூலையும் உருண்டுவிடும். இரண்டு தொகுப்புகளையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். பள்ளத்தில் மண்ணோ பெயின்டோ அடைத்திருந்தால் ஊசியால் சுரண்டி எடுத்த பிறகே கீயை வையுங்கள்.

ஒற்றைக் கோட்டுத் தலையைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். மேலே பெயின்ட் பூசினாலும் கத்தி நுனியால் கோட்டைச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் அதில் டிரில் மெஷினை மட்டும் வைக்காதீர்கள். முனை பக்கவாட்டில் வழுக்கி மரத்தைக் கீறிவிடும். பித்தளைத் திருகாணி என்றால் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை இறக்கி வழி உண்டாக்கி, கழற்றிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள். பித்தளை மென்மையானது, நேரடியாகப் போட்டால் முறிந்துவிடும்.

முனை தேய்ந்திருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. பழி திருகாணி மேல்தான் விழுகிறது. வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்புகள் கூர்மையாக இல்லாமல் வளைந்து மினுங்கினால் தூக்கிப் போடுங்கள். ஒரு தேய்ந்த முனை எத்தனை தலைகளைக் கெடுக்கும் என்று எண்ணினால் வருத்தம் வராது.

முதல் ‘டக்’ கேட்டதும் நிறுத்த வேண்டும். கை கேட்காது, இன்னொரு முறை என்று சொல்லும். நிறுத்திவிட்டு சரியான முனையைத் தேடுங்கள், நேராகப் பிடித்து அழுத்தி, வேகத்தைக் குறையுங்கள். முனையில் வால்வு தேய்க்கும் பசையை, அதாவது சொரசொரப்பான துகள் கலந்த பசையை, கொஞ்சம் தடவினால் பிடிப்பு கூடும்.

என் கீலுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் பிஇசட் 2 வைத்ததும் சத்தமில்லாமல் வந்தன. இரண்டாவதின் தலையை மட்டும், தண்டின் கனத்துக்குச் சமமான டிரில் பிட்டால் குடைந்து பிரித்தேன். தகட்டைத் தூக்கியபோது மரத்துக்கு மேலே இரண்டு மில்லிமீட்டர் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. குறடால் இறுகப் பற்றி மெல்லத் திருப்பினேன், மரம் சிதையாமல் வந்துவிட்டது. அந்தத் துளைகளில் இப்போது இருப்பவை நான்கு டி 20 திருகாணிகள்.