கார்டு பில்லுக்கு நம் கடையே ரிவார்டு கொடுப்பது எப்படி? முதல்முறை தொடங்குபவர்களுக்கு

வங்கி தன் கார்டுக்குத் தரும் பாயின்ட் வேறு, கடைக்காரர் தன் லாபத்திலிருந்து எடுத்துத் தரும் ரிவார்டு வேறு. இங்கே பார்க்கப்போவது இரண்டாவதை. சரியாக அமைத்தால் வந்தவர்கள் திரும்ப வருவார்கள். கணக்குப் போடாமல் தொடங்கினால் கையைக் கடிக்கும்.

படி 1: பணம் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாடிக்கையாளர் கார்டை மெஷினில் வைத்ததும், விவரம் மெஷின் கொடுத்த உங்கள் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் வழியாகக் கார்டு கொடுத்த வங்கிக்கு. அந்த வங்கி சரி என்றால் சில விநாடிகளில் 'அப்ரூவ்டு' என்று சீட்டு வந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் பணம் இன்னும் நகரவில்லை. தொகையை ஒதுக்கி மட்டும் வைத்திருக்கிறார்கள். வங்கிகள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் 'செட்டில்மென்ட்' முடிந்த பிறகுதான், கமிஷன் போக மீதி உங்கள் கணக்குக்கு வருகிறது. இந்த இடைவெளியை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடியும் வரும்.

படி 2: எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. பில் 1,000 என்று வையுங்கள். உங்கள் மார்ஜின் 30 சதவீதம் என்றால் கையில் 300. கார்டு கமிஷன் 2 சதவீதம் போனால் 280. இதில் 5 சதவீதம் ரிவார்டு கொடுத்தால் 230தான் நிற்கும். 5 சதவீதம் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும், ஆனால் 280-இல் 50 போவது ஏறக்குறைய 18 சதவீதம். பழைய லாபத்தையே எடுக்க விற்பனை சுமார் 22 சதவீதம் கூட வேண்டும்.

அதனால் எல்லா பில்லுக்கும் கொடுக்காதீர்கள். எப்படியும் வரப்போகிறவருக்குக் கொடுப்பது லாபத்தை அப்படியே தூக்கிக் கொடுப்பது. புதியவரின் இரண்டாவது வருகைக்கு, வெகுநாளாக வராதவருக்கு, ஒரு தொகைக்கு மேல் வாங்குபவருக்கு என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஆளை எப்படி அடையாளம் காண்பது?

ஃபோன் நம்பர் கேட்பது எளிது. கார்டையே இணைக்க வேண்டுமென்றால், அதற்கான சேவை நிறுவனம் கார்டு நம்பருக்குப் பதில் ஒரு டோக்கனை (மாற்றுக் குறியீட்டை) வைத்துப் பொருத்திப் பார்க்கும். கார்டு நம்பரையோ பின்பக்கத்து மூன்று இலக்கத்தையோ நீங்கள் நோட்டில் எழுதிவைக்கவே கூடாது. கார்டு பாதுகாப்பு விதியான பிசிஐ டிஎஸ்எஸ், பரிவர்த்தனை அனுமதிக்கப்பட்ட பிறகு அந்த மூன்று இலக்கத்தைச் சேமிப்பதைத் தடை செய்கிறது.

இன்னொன்று: இந்தச் சேவைகள் உங்கள் கடையை மெர்ச்சன்ட் ஐடி (கடைக்கான எண்), டெர்மினல் ஐடியை (மெஷினுக்கான எண்) வைத்துத்தான் கண்டுபிடிக்கும். மெஷினை மாற்றினால் அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விற்பனை நடக்கும், ரிவார்டு ஏறாது, வாடிக்கையாளர் உங்களிடம்தான் வந்து கேட்பார்.

படி 4: கவுன்ட்டரில் வரிசை

ரிவார்டைப் பாயின்ட்டாக, ஒரு ரூபாய்க்கு ஒரு பாயின்ட் என்று கொடுப்பதாக வையுங்கள். மொத்தத் தொகை வந்ததும் முதலில் பழைய பாயின்ட்டைக் கழியுங்கள். மீதியை மட்டும் மெஷினில் போடுங்கள். அப்ரூவ்டு வந்ததும் புதிய பாயின்ட்டை 'நிலுவை' என்று பதியுங்கள். செட்டில்மென்ட் ஆன பிறகு உறுதி செய்யுங்கள்.

படி 5: ரீஃபண்ட்

நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த ஒரு கடையில், திரும்ப வந்த பொருளுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். பாயின்ட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அதே ஆள் அந்தப் பாயின்ட்டில் வேறு பொருள் வாங்கிப் போயிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை, அமைப்பில்தான் ஓட்டை. 1,000 பில்லில் 400-க்குத் திரும்பக் கொடுத்தால், 50 பாயின்ட்டில் 20 தானாகக் குறைய வேண்டும். அதற்குள் செலவழித்திருந்தால் ரீஃபண்டில் கழிப்பீர்களா என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 6: உங்கள் கார்டிலேயே சோதியுங்கள்

ஒரு சாதாரண பில், ஒரு முழு ரீஃபண்ட், ஒரு பாதி ரீஃபண்ட், செட்டில்மென்ட்டுக்கு முன்பே ரத்து செய்த ஒரு பில் என்று நான்கையும் போட்டுப் பாருங்கள். அப்புறம் செட்டில்மென்ட் அறிக்கையையும் பாயின்ட் பட்டியலையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். நான்கும் பொருந்தினால் முதலில் ஒரு கவுன்ட்டரில் மட்டும் தொடங்கலாம்.