மஞ்சளை நம்பாதீங்க: டைமாங்கனீஸ் டெகாகார்பனைலின் ஸ்பெக்ட்ரத்தைப் படிப்பது எப்படி

"இந்தக் காம்ப்ளெக்ஸ் ஏன் மஞ்சள்?" என்று வைவாவில் கேட்டால், பாளையங்கோட்டையிலிருந்து அபிஷேகப்பட்டி வரைக்கும் பாதிப் பேர் "டி-டி டிரான்சிஷன், சார்" என்றுதான் ஆரம்பிப்பாங்க, அதாவது உலோகத்தின் ஒரு டி ஆர்பிட்டலிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் தாவுவது. டைமாங்கனீஸ் டெகாகார்பனைல் மாதிரி உலோக-உலோகப் பிணைப்புள்ள கார்பனைலில் (உலோகத்தோடு கார்பன் மோனாக்சைடு சேர்ந்த பொருளில்) அது எடுபடாது.

முதலில் எலக்ட்ரானை எண்ணுங்க. மூலக்கூறின் ஒரு பாதியில் மாங்கனீஸுக்கு 7, ஐந்து கார்பனைலுக்கு 10, ஆக 17. நிலையாக நிற்க 18 வேணும், ஒன்று குறைகிறது. இரண்டு துண்டுகள் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு 18 ஆக்கிக்கிடும். நடுவில் பாலமாக கார்பனைல் ஏதும் கிடையாது. உலோகத்தோடு உலோகம் நேரடியாகச் சேர்கிறது, சுமார் 2.9 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில்.

அடுத்து ஆற்றல் மட்டப் படம் போடுங்க. கீழே சிக்மா (உலோகங்களைப் பிணைக்கும் ஆர்பிட்டல்), மேலே காலியாக சிக்மா ஸ்டார் (அந்தப் பிணைப்பை எதிர்க்கும் ஆர்பிட்டல்), சிக்மாவை ஒட்டி நிரம்பிய டி-பை ஆர்பிட்டல்கள் (உலோகத்தின் மற்ற டி ஆர்பிட்டல்கள்). இரண்டு அம்பு போதும்: சிக்மாவிலிருந்து ஒன்று, டி-பையிலிருந்து ஒன்று, இரண்டும் சிக்மா ஸ்டாருக்கு.

இப்போது லேப். 10 மில்லிகிராமை 50 மில்லி சைக்ளோஹெக்ஸேனில் கரைத்து, அதில் 1 மில்லியை 10 மில்லியாக்குங்க. மோலார் உறிஞ்சுதிறன் 20,000 பக்கம் இருப்பதால் அப்சார்பன்ஸ் (ஒளியை உறிஞ்சும் அளவு) 1-ஐ ஒட்டி நிற்கும். பொருள் நச்சு, எடை போட்டதும் ஃப்யூம் ஹூட்டுக்குள் போயிருங்க. குவெட் (கரைசலை ஊற்றி ஒளி பாய்ச்சும் சின்னக் குப்பி) குவார்ட்ஸாகத்தான் இருக்கணும். சாதாரணக் கண்ணாடி 340 நானோமீட்டருக்குக் கீழே ஒளியைத் தானே விழுங்கும், பீக்கின் ஒரு பக்கம் காணாமல் போகும். இன்னொன்று: ஃபிளாஸ்க்கில் அலுமினியத் தாள் சுற்றுங்க. நம்ம ஊர் சித்திரை வெயில் சன்னல் வழியாக வந்தாலே இந்தப் பிணைப்பை உடைக்கப் போதும்.

ஸ்கேன் செய்தால் 340 நானோமீட்டர் பக்கம் உயரமான பீக். அதுதான் சிக்மா-சிக்மா ஸ்டார், ஏறக்குறைய 3.6 எலக்ட்ரான் வோல்ட். அதன் வலது சரிவில் ஒரு சின்ன ஷோல்டர் (தோள் மாதிரியான புடைப்பு), அது டி-பையிலிருந்து வருவது. பெரிய பீக் புற ஊதாவில் கிடக்கிறது, கண்ணுக்கு எட்டாது. நாம் பார்க்கும் மஞ்சள், ஷோல்டரும் அதன் வாலும் நீல ஒளியைக் கொஞ்சம் தின்பதால்தான்.

பீக்குக்குப் பெயர் வைத்தால் போதுமா? 1970-இல் அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கிரேயின் குழு மூலக்கூறுகளைத் திரவப் படிகத்தில் வரிசையாக நிறுத்தி, அந்தப் பீக் உலோக-உலோக அச்சின் திசையிலேயே ஒளியை உறிஞ்சுவதைக் காட்டியது. அந்த வசதி நமக்கு இல்லை, வெயில் இருக்கிறது. ஹூட்டுக்குள் வைத்து, இதே கரைசலை இரண்டு குவெட்டில் எடுத்து, இரண்டிலும் சில சொட்டு கார்பன் டெட்ராகுளோரைடு விட்டு மூடுங்க. ஒன்றை இருட்டில் வையுங்க, மற்றதை வெயிலில். வெயிலில் வைத்ததில் பீக் இறங்கும்: பிணைப்பு அறுந்து, ஒவ்வொரு பாதியும் ஒரு குளோரினைப் பிடித்துக்கிடும். இருட்டில் இருந்தது அப்படியே நிற்கும்.

மாங்கனீஸுக்குப் பதில் ரீனியம் உள்ள இதே மாதிரிக் கார்பனைலில் இந்தப் பீக் 310 நானோமீட்டர் பக்கம் போயிரும். உலோகப் பிணைப்பு அங்கே வலுவானது, பொருளும் வெள்ளை. ஒரு பக்கம் மாங்கனீஸ், மறுபக்கம் ரீனியம் என்றால் எங்கே வரும்? படம் போட்டுப் பாருங்க: இரண்டுக்கும் நடுவில்.