படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? முதலில் ரிமோட்டைக் கீழே வையுங்கள்

ஆண்டெனா வழியாக வரும் டிஜிட்டல் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் விக்கி விக்கி வந்தால், பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை ரிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போய் 'ஆட்டோ ஸ்கேன்' கொடுப்பதுதான். தவறுகளிலேயே பெரிய தவறு இது. ஸ்கேன் சிக்னலைச் சரிசெய்யாது. அந்த நிமிடத்தில் என்னென்ன சேனல் கிடைக்கிறது என்று கணக்கெடுக்கும், அவ்வளவுதான். சிக்னல் மோசமாக இருக்கும்போது கணக்கெடுத்தால், அப்போது சிக்காத சேனல்கள் பட்டியலிலிருந்தே போய்விடும். தடுமாறியாவது ஓடிக்கொண்டிருந்த பத்துச் சேனல், இரண்டாகச் சுருங்கி நிற்கும்.

சில நாட்களில் கோளாறு உங்கள் வீட்டில் இருக்கவே இருக்காது. காற்றழுத்தம் அதிகமாகி வானிலை அசையாமல் கிடக்கும் நாட்களில், வெகுதொலைவில் உள்ள ஒளிபரப்புக் கோபுரங்களின் அலைகள் வளைந்து வந்து, அதே அலைவரிசையில் உங்கள் கோபுரத்தின் சிக்னலோடு மோதும். ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும். அந்த நேரத்தில் ஸ்கேன் செய்தால், டிவி அந்தத் தொலைதூரக் கோபுரத்தையே பட்டியலில் ஏற்றிக்கொள்ளவும் கூடும். வானிலை மாறியதும் எல்லாம் காலி. ஒளிபரப்பாளர் அலைவரிசையை மாற்றினால், புதுச் சேனல் வந்தால், ஆண்டெனாவை வேறு கோபுரத்துக்குத் திருப்பினால் ஸ்கேன் செய்யுங்கள். மற்ற நேரத்தில் வேண்டாம்.

அடுத்த தவறு, அனலாக் காலத்துப் பழக்கத்தில் படத்தைப் பார்த்தே சிக்னலை எடைபோடுவது. அன்றைக்கு சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடிக்கொண்டே போகும். அதைப் பார்த்து ஒருவர் மாடியில் ஆண்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து குரல் கொடுப்பார். டிஜிட்டலில் வழியில் நேரும் பிழைகளை டிவியே திருத்திக்கொள்வதால், சிக்னல் ஓரளவு குறைந்தாலும் படம் பளிச்சென்றே இருக்கும். திருத்த முடியாத அளவுக்குப் பிழை கூடியதும் ஒரேயடியாக விழும். அதனால் 'நேற்றுவரை நன்றாகத்தானே வந்தது' என்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. நேற்றும் விளிம்பில்தான் நின்றிருக்கும். இன்று எதிரே உள்ள மரத்தின் இலைகள் மழையில் நனைந்தது போதுமானதாகிவிட்டது.

எனவே பார்க்க வேண்டியது படத்தை அல்ல, மெனுவில் இருக்கும் சிக்னல் பக்கத்தை. அங்கே இரண்டு அளவுகள் இருக்கும்: வலிமை, தரம். பலரும் வலிமையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எவ்வளவு வருகிறது என்பது வலிமை, எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பது தரம். வலிமை 45, தரம் 100 என்றால் எதையும் தொடாதீர்கள். வலிமை 95, தரம் 30 என்றால் சிக்னலோடு குப்பையும் சேர்ந்து வருகிறது: எதிரொலிப்பு, குறுக்கீடு, அல்லது டிவி தாங்காத அளவுக்கு அதிக சிக்னல். இந்த எண்கள் ஒவ்வொரு டிவிக்கும் ஒவ்வொரு மாதிரி. பக்கத்து வீட்டு டிவியோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் மூட்டையாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. கெடுகிற சேனல்கள் எல்லாம் ஒரே மூட்டையைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்த அலைவரிசைக்கு மட்டும் ஏதோ தொந்தரவு. எல்லா மூட்டையும் கெடுகிறது என்றால் ஆண்டெனா, கேபிள், கனெக்டர் பக்கம் தேடலாம். ஏணியைத் தூக்குமுன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

சரி, பூஸ்டர் கதைக்கு வருவோம். சிக்னல் போதவில்லை என்றதும் ஒரு பூஸ்டரை வாங்கி டிவிக்குப் பின்னால் மாட்டுவது வழக்கமாகிவிட்டது. பூஸ்டர் சிக்னலை உண்டாக்காது. வருவதைப் பெருக்கும், கூடவே அதில் கலந்த குப்பையான இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும். கலங்கிய தண்ணீரைப் பெரிய குடத்துக்கு மாற்றினால் தெளிந்துவிடுமா? பூஸ்டர் வேலை செய்ய வேண்டிய இடம் கம்பத்தின் உச்சி, ஆண்டெனாவை ஒட்டி. கேபிளில் இழப்பு நேரும் முன்பே பெருக்கினால்தான் பலன். கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கோ பூஸ்டர் எதிரி. டிவிக்குள் சிக்னலைப் பிடிக்கும் டியூனர் திணறி, வலிமை உச்சத்தில் நிற்க, தரம் பாதாளத்தில் விழும். அங்கே தேவைப்படுவது சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்.

கம்பத்து பூஸ்டருக்கு மின்சாரம் கேபிள் வழியாகத்தான் மேலே போகும். அதன் அடாப்டரை யாராவது பிடுங்கிவிட்டால் சிக்னல் ஏறக்குறைய செத்துவிடும். நானே ஒருமுறை மாடிக்கும் கூடத்துக்கும் நாலு தடவை ஏறி இறங்கிய பிறகுதான், போன் சார்ஜருக்காக அந்த அடாப்டர் கழற்றப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். செட்-டாப் பாக்ஸிலிருந்தே 5 வோல்ட் எடுக்கும் ஆண்டெனா என்றால், மெனுவில் 'ஆண்டெனா பவர்' இயங்குகிறதா என்று பாருங்கள்.

ஆண்டெனாவைத் திருப்புவதில் இரண்டு தவறுகள். ஒன்று, வேகம். டிவி காட்டும் எண் உடனே மாறாது. கொஞ்சம் திருப்பி, சில விநாடி நின்று, பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். இரண்டாவது, பிடித்திருக்கும் விதம். மீன் முள் மாதிரி இருக்கும் யாகி ஆண்டெனாவில் குட்டைக் கம்பிகள் உள்ள முனைதான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் பெரிய தடுப்பு இருக்கும். திருப்பி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பிகள் கிடையாக இருக்க வேண்டுமா நெட்டாகவா என்பதைக் கோபுரம்தான் தீர்மானிக்கும். சிறிய துணைக் கோபுரங்கள் பல நெட்டு வாக்கில் ஒளிபரப்புகின்றன. இது மாறிப்போனால் திசை எவ்வளவு சரியாக இருந்தும் சிக்னலின் பெரும்பகுதி வீண்.

அறைக்குள் வைக்கும் ஆண்டெனா என்றால் ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கைவிடாதீர்கள். 600 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் அரை மீட்டர்தான். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு முழம் நகர்த்தினாலே நிலைமை தலைகீழாகலாம்.

கேபிளைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. டிவிக்கு வேண்டியது 75 ஓம் கேபிள், ஆர்ஜி6 போல. அதிலேயே டிவி ஒளிபரப்பு வரும் யுஎச்எஃப் அலைவரிசையில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 டெசிபல் இழப்பு உண்டு. அதாவது 20 மீட்டரில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும். இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மிச்சத்திலும் பாதியை எடுத்துக்கொள்ளும். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: வெளிப்பின்னலின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே குற்றவாளி. செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. துடைத்துப் பயனில்லை, கேபிளை மாற்றுங்கள்.

அப்புறம், வீட்டுக்குள்ளேயே இருக்கும் தொந்தரவுகள். மலிவான எல்இடி பல்பு, சார்ஜர், உள்ளே உலோக உறை சரியில்லாத எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் டிவி அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுத் தரம் ஏறுகிறதா என்று பாருங்கள். அருகில் புது மொபைல் கோபுரம் வந்தபின் கெட்டதென்றால் மொபைல் அலைகளைத் தடுக்கும் ஃபில்டரை பூஸ்டருக்கு முன்னால் மாட்ட வேண்டும், பின்னால் அல்ல.

எதுவும் சிக்கவே இல்லை என்றால், உங்கள் பகுதியின் ஒளிபரப்பு முறையை டிவியால் படிக்க முடியுமா என்று பாருங்கள். டிவிபி-டி என்ற பழைய முறை மட்டும் தெரிந்த டிவி, டிவிபி-டி2 என்ற புதிய முறை ஒளிபரப்பைக் காட்டாது, எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும். மெனுவில் நாட்டின் பெயர் தவறாக இருந்தாலும் டிவி தவறான அலைவரிசை அகலத்தில் தேடும்.

கூரை ஏறுவதானால் இடி, மழை, ஈரம் இருக்கக்கூடாது. மின்கம்பி அருகில் உலோகக் கம்பத்தைத் தூக்கவே கூடாது. எல்லாம் சரியாக ஓடும் ஒரு நல்ல நாளில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் உள்ள வலிமை, தரம் எண்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை படம் உடையும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கையில் இருக்கும்.