தீயணைப்பு நிலையத்தில் காதல், கூடவே ஒரு ஆவி: இந்தக் கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன ஊர். ஒரே ஒரு தீயணைப்பு நிலையம். ஒரே வண்டியில் ஏறும் இரண்டு பேருக்குள் காதல், ஊருக்குள் யாராலும் விளக்க முடியாத ஏதோ ஒன்று. அமானுஷ்யக் காதல் கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இவ்வளவு நல்ல களம் சுலபத்தில் கிடைக்காது. ஆனாலும் இந்த வகையில் வரும் பல கதைகள் ஒரே இடத்தில் வழுக்குகின்றன. தீயணைப்பு வேலை வெறும் சீருடையாக நின்றுவிடுகிறது. இருவரும் வங்கியில் வேலை பார்த்திருந்தாலும் கதையில் ஒரு வரி மாறியிருக்காது. காதல் அந்த வேலைக்குள்ளிருந்து முளைக்க வேண்டும், அமானுஷ்யமும் அந்த வேலையைத்தான் வந்து தொட வேண்டும். நான் சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவைதான்.

முதலில் தீ. பலரும் அதைச் சினிமாவில் பார்த்தபடி எழுதுகிறார்கள்: ஆரஞ்சு நிறச் சுவாலைகள், நடுவில் தெளிவாகத் தெரியும் நாயகியின் முகம், அவள் கண்ணில் தீயின் பிரதிபலிப்பு. உண்மையில் எரியும் வீட்டுக்குள் பெரும்பாலும் இருட்டுதான். கறுப்புப் புகை கூரையிலிருந்து இறங்கி வந்து, முகக்கவசத்துக்கு முன்னால் நீட்டிய சொந்தக் கையைக்கூட மறைத்துவிடும். உள்ளே போகிறவர்கள் தவழ்ந்துதான் போகிறார்கள், ஏனென்றால் சூடும் புகையும் மேலே தேங்குகின்றன. ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே போகும், அல்லது தண்ணீர்க் குழாயை விடாமல் பிடித்திருக்கும். திரும்பி வெளியே வர அந்தக் குழாய்தான் வழி. உடையும் சுவாசக் கருவியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் உடம்பில் தொங்கும். பேசினால் முகக்கவசத்துக்குள்ளிருந்து குழறலாகத்தான் கேட்கும்.

இது காதல் காட்சிக்கு இடைஞ்சல் என்று நினைத்து விலக்கிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆதங்கம். பார்வையே இல்லாத இடத்தில் இரண்டு பேர், ஒருவர் மூச்சு விடும் சத்தத்தை இன்னொருவர் கேட்டுக்கொண்டே நகர்கிறார்கள். சுவாசக் கருவி வழியாக வரும் அந்த மூச்சின் வேகத்தை வைத்தே, கூட வருகிறவர் பயந்திருக்கிறாரா, களைத்திருக்கிறாரா என்று நாளடைவில் தெரிந்துவிடும். முன்னால் போகிறவரின் பூட்ஸில் ஒரு கை. தோளில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. வாசகருக்கு இதைவிட நெருக்கமான காட்சியை எந்த நிலா வெளிச்சமும் தராது. ஆவி வர வேண்டிய இடமும் இதேதான்: பூட்ஸைப் பிடித்திருப்பது அவன் கை என்று அவள் நம்பிக்கொண்டிருக்க, அவன் குரல் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தால்?

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, புகைக்குள் முகக்கவசத்தைக் கழற்றுவது. கடைசியாக ஒரு வார்த்தை சொல்ல, ஒரு முத்தம் கொடுக்க, தன் காற்றை அவளுக்குக் கொடுக்க என்று காரணங்கள் வரும். எரியும் சோபாவும் மெத்தையும் பிளாஸ்டிக்கும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் கக்குகின்றன. சில மூச்சுகளிலேயே நிதானம் போய்விடும். வேலை தெரிந்த யாரும் அதைச் செய்ய மாட்டார்கள், செய்தால் அது கதையில் ஒரு விபத்தாக இருக்க வேண்டும், பின்விளைவோடு. அணைந்த பிறகு கரி படிந்த ஜாக்கெட்டோடு கட்டிப்பிடித்துக்கொள்வதும், அந்தப் புகை வாசனையில் மயங்குவதும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அதனால் அழுக்கு உடையை வீட்டுக்கோ படுக்கைக்கோ கொண்டுபோகக் கூடாது என்பது இன்று இந்த வேலையில் முக்கியமான பாடம். அவள் பின்கழுத்தில் ஒட்டியிருக்கும் கரியை அவன் ஈரத் துணியால் துடைத்துவிடுவது போல எழுதுங்கள். அக்கறை தானாகத் தெரியும்.

தினமும் ஒரு பெரிய தீ என்று எழுதுவதும் வேண்டாம். சின்ன ஊர் நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் நிஜமான கட்டடத் தீ கொஞ்சம்தான். சாலை விபத்து, மாரடைப்பு, கிணற்றில் விழுந்த ஆடு, தவறாக அடித்த அலாரம், இவைதான் நாளை நிரப்பும். நடுவில் நீண்ட காத்திருப்பு. பல இடங்களில் 24 மணி நேர ஷிஃப்ட், ஒரே கூரையின் கீழ் சமையல், தூக்கம், சண்டை, பாத்திரம் கழுவுவது. காலையில் ஷிஃப்ட் மாறியதும் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் பார்ப்பார்கள், வால்வுகளைத் திருகிப் பார்ப்பார்கள், ஏணியைத் துடைப்பார்கள். காதல் வளர்வது இந்த நேரங்களில்தான். அவன் சரிபார்த்த சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் உள்ளே போகப் போகிறாள் என்றால், அந்தச் சரிபார்ப்பை வெறும் வேலையாக வாசகர் பார்க்க மாட்டார்.

சரி, அமானுஷ்யத்துக்கு வருவோம். இங்கே பெரிய தவறு, நம்புவதில் அவசரம். மூன்றாவது பக்கத்தில் ஒரு நிழல் தெரிகிறது, நான்காவது பக்கத்தில் இருவரும் "இது ஆவிதான்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இவர்கள் பழகியதே காரணம் தேடுகிற வேலைக்கு. எங்கே தொடங்கியது, எது எரிந்தது, ஏன் இந்தச் சுவரில் மட்டும் கரி அதிகம் என்று கேட்பவர்கள். அதனால் முதலில் சாதாரண விளக்கங்கள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுத்தான் பயப்படுவார்கள், அப்படிப் பயப்படுகிறவர்களின் பயத்துக்குத்தான் எடை அதிகம்.

சாதாரண விளக்கங்களுக்கும் இந்தத் துறையில் பஞ்சமே இல்லை. 1921-இல் ஓர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதை வெளிவந்தது. வீட்டில் காலடிச் சத்தம் கேட்கிறது, விசித்திர உருவங்கள் தெரிகின்றன, எல்லாருக்கும் தலைவலி, வீட்டுச் செடிகள் வாடுகின்றன. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. பேய் வீடு என்று அழைப்பு வந்தால் ஒரு தீயணைப்பு வீரர் முதலில் எடுக்க வேண்டியது வாயு அளக்கும் கருவியைத்தான். அளவு பூஜ்யம் என்று காட்டட்டும், அப்புறம் கதையைத் தொடங்குங்கள். சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவும் அப்படித்தான். அது கண்ணாடி வழியாகப் பார்க்காது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால், கண்ணாடிக்கு அப்பால் நிற்பவரைக் காட்டாமல், பிடித்திருப்பவரின் சொந்த உடல் சூட்டையே பிரதிபலித்துக் காட்டும். புதிதாகச் சேர்ந்தவன் அதைப் பார்த்து "உள்ளே யாரோ நிற்கிறார்கள்" என்று கத்த, மூத்தவள் பொறுமையாக விளக்குகிறாள். பத்து அத்தியாயம் கழித்து அவள் அதே கேமராவை ஜன்னலுக்கு நேராகப் பிடிக்கிறாள், இரண்டு உருவங்கள் தெரிகின்றன, அவள் தனியாக நிற்கிறாள். முதல் காட்சி இல்லாமல் இரண்டாவது காட்சிக்கு எந்தப் பலமும் கிடையாது.

அமானுஷ்யத்துக்கு விதி வைக்காமல் விடுவதும் கதையைக் கொல்லும். ஆவியால் கதவைத் திறக்க முடியுமா? முடியும் என்றால் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அந்தக் குழந்தை மாட்டிக்கொண்டபோது ஏன் திறக்கவில்லை? வாசகர் கண்டிப்பாகக் கேட்பார். நாயகன் ஓநாய் மனிதன், தீ அவனைச் சுடாது என்றால் நிலைமை இன்னும் மோசம். சுடாத ஒருவன் தீக்குள் போவதில் என்ன தைரியம், அவனுக்காக அவள் ஏன் வாசலில் பதற வேண்டும்? சக்தி கொடுங்கள், அதற்குரிய விலையை இந்த வேலையிலேயே வையுங்கள். தீ அவனைச் சுடாது, ஆனால் சூடு ஏறுவதும் அவனுக்கு உறைக்காது என்று வைத்துக்கொள்வோம். ஒரு அறையில் கூரைப் பக்கம் 500, 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது அங்கிருக்கும் எல்லாமே ஏறக்குறைய ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும், அதை பிளாஷ்ஓவர் என்பார்கள், காதுகளையும் கழுத்தையும் குத்தும் சூடு அதற்கு ஒரு முன்னறிவிப்பு. அது உறைக்காதவன் பக்கத்தில் இருப்பவளை எப்போது வெளியே இழுக்க வேண்டும் என்று அறிய மாட்டான். அவனுடைய வரமே அவளுக்கு ஆபத்து. இனி அவர்களுக்குள் வரும் சண்டைக்கு நீங்கள் காரணம் தேட வேண்டியதில்லை.

விதிக்கப்பட்ட ஜோடி, பூர்வ ஜென்ம பந்தம், மந்திரக் கட்டு இவற்றில் எனக்குத் தீவிரமான மறுப்பு உண்டு. அவளை அவனிடம் இழுப்பது ஒரு சக்திதான் என்றால் அவளுடைய சம்மதம் எங்கே? இதோடு பதவியும் சேர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். நிலைய அலுவலர் தனக்குக் கீழே வேலை செய்பவளைக் காதலிக்கிறார் என்று எழுதினால், யாரை உள்ளே அனுப்புவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருப்பதைக் கதை பேசியே ஆக வேண்டும். அவளை அனுப்பாமல் காப்பாற்றினால் அவள் வேலையை அவமதிக்கிறார், அவளுக்குப் பதிலாக அனுப்பப்பட்டவன் அடிபட்டால் குழுவே அவரை மன்னிக்காது. வேறு ஷிஃப்டுக்கு மாறுவது என்ற சாதாரணத் தீர்வைக்கூட பல கதைகள் தொடுவதில்லை. தொட்டால் எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள்: காதலைச் சொன்ன நாளிலிருந்து அவர்கள் ஒன்றாக உள்ளே போக முடியாது, அவள் மூச்சை இன்னொருவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

கட்டளையை மீறுவதைக் காதலுக்குச் சாட்சியாக வைப்பதும் அதே வகைதான். "வெளியே வா" என்று வயர்லெஸில் கத்துகிறார்கள், நாயகன் தனியாக உள்ளே ஓடுகிறான். அமெரிக்காவில் 1998 முதல் இருக்கும் ஒரு பாதுகாப்பு விதிப்படி, எரியும் கட்டடத்துக்குள் குறைந்தது இருவர் சேர்ந்து போக வேண்டும், குறைந்தது இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். உயிரைக் காப்பாற்ற விதிவிலக்கு உண்டு, ஆனால் தனியாக ஓடுகிறவன் மீட்கப்பட வேண்டிய இன்னொரு ஆளாக மாறும் வாய்ப்பே அதிகம். அவள் உள்ளே மாட்டியிருக்கிறாள், அவன் கையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஓடினால் மாடிப்படி எரிந்துவிடும், அவள் இறங்கி வர வழியே இருக்காது. அவன் நகராமல் நிற்கிறான். இவ்வளவு பதைப்புள்ள காதல் காட்சியை ஓட்டத்தில் கொண்டுவர முடியாது.

சின்ன ஊரை அழகான பின்னணியாக மட்டும் வைக்கிறவர்கள் அதன் இரண்டு பலங்களையும் இழக்கிறார்கள். ஒன்று, அடுத்த வண்டி பக்கத்து ஊரிலிருந்துதான் வர வேண்டும், அதுவரை இருப்பவர்கள்தான் எல்லாம். இரண்டு, எரிவது தெரிந்தவரின் வீடு. அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் தன்னார்வலர்கள், அதிலும் சிறிய ஊர்களில் அவர்கள்தான் பெரும்பான்மை. பகலில் பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியர் இரவில் விபத்தில் நசுங்கிய காரை வெட்டித் தன் மாணவனை வெளியே எடுக்க நேரலாம். அப்படிப்பட்ட ஊரில் இருவரின் காதல் ரகசியமாக ஒரு வாரம்கூட நிற்காது, ஆவியைப் பற்றிய பேச்சும்தான். ஊரே சேர்ந்து எதை மறைக்கிறது என்பதையும் யோசியுங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா என்றொரு ஊர், அதன் அடியில் நிலக்கரிச் சுரங்கம் 1962-லிருந்து எரிந்துகொண்டிருக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த இடத்தில் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். குப்பைமேட்டைச் சுத்தம் செய்ய ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களே வைத்த தீதான் சுரங்கத்துக்குள் இறங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அணைக்க வேண்டியவர்களின் கையிலிருந்தே தொடங்கிய, தலைமுறைகள் தாண்டியும் அணையாத தீ! இதே கதையை எடுக்கச் சொல்லவில்லை, உங்கள் ஊரின் சாபத்துக்கு இப்படி ஒரு வேர் இருக்கட்டும் என்கிறேன். யாரோ ஒரு மந்திரவாதி சபித்தார் என்பதைவிட, நிலையத்தின் பழைய பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பது ஆழமாகப் பயமுறுத்தும்.

இறந்துபோன சக ஊழியரை ஆவியாகக் கொண்டுவருவது இந்த வகையில் அதிகம் வரும், அதிகம் சொதப்பும். அவர் வந்து "நீ சந்தோஷமாக இரு" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனால், துக்கத்தை எல்லாம் ஒரு வசனத்தில் துடைத்துவிட்டீர்கள். காதல் வந்ததும் கெட்ட கனவுகள் நின்றுபோவதும் அப்படியே. பார்த்த சாவுகள் இந்த வேலை செய்கிறவர்களிடம் பல வருடம் தங்கும், அன்பான துணை கூட இருப்பது உதவும், குணப்படுத்திவிடாது. சுவாசக் கருவியோடு ஒரு சிறிய அலாரம் உண்டு, அணிந்திருப்பவர் சுமார் 30 நொடி அசையாமல் இருந்தால் கிறீச்சென்று அலறத் தொடங்கும். தோழனை இழந்தவளுக்கு அந்தச் சத்தம் என்னவாக இருக்கும் என்று ஒரு பக்கமாவது எழுதிவிட்டு, பிறகு அந்த ஆவியைக் கூப்பிடுங்கள்.

கடைசி அத்தியாயத்தில் பெரிய தீ, சாபம் நீங்குவது, காதலைச் சொல்வது மூன்றையும் ஒரே இரவில் அடைப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். தீ முடிந்தவுடன் யாரும் பேசும் நிலையில் இருப்பதில்லை. குழாய்களைச் சுருட்ட வேண்டும், சாம்பலைக் கிளறி மிச்சக் கனல் இருக்கிறதா என்று மணிக்கணக்கில் பார்க்க வேண்டும், உடல் நடுங்கும், பசிக்கும். அந்தக் கனல் தேடும் வேலைக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்தால் நீங்கள் சொல்ல வேண்டிய பாதி விஷயம் அங்கேயே வந்துவிடும். எழுதி முடித்ததும், இந்த வேலை செய்தவர் யாராவது தெரிந்தால் உள்ளே போகும் காட்சிகளை மட்டுமாவது வாசிக்கக் கொடுங்கள். அமானுஷ்யத்தைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம். எந்த இடத்தில் இந்த இருவரில் ஒருவரோடு உள்ளே போக மறுத்திருப்பார் என்று மட்டும் கேளுங்கள், அந்தப் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்கலாம்.