பிக்கப்பை மாற்றும் முன் நெக்கைப் பாருங்கள்: பழைய பேஸ் கிட்டார் வாங்குவோருக்கு

செகண்ட் ஹேண்டில் விற்பனைக்கு வரும் பல பேஸ் கிட்டார்களுக்கு ஒரே குறைதான்: கடையை விட்டு வந்த நாளிலிருந்து யாரும் அதை செட்டப் (வாசிக்க ஏற்றபடி சரிப்படுத்துவது) செய்திருக்க மாட்டார்கள். கம்பி உயரமாக நிற்கும், விரல் வலிக்கும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டை (நெக் எனும் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தாண்டினால் சுருதி விலகும். வைத்திருந்தவர் ‘பேஸே சரியில்லை’ என்று விற்றுவிடுவார். வாங்கியவரோ முதல் வேலையாகப் புது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தப் பகுதி) தேடுவார். அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் ஒரு மாலை நேரமும் ஒரு ஆலன் கீ செட்டும் என்ன செய்யும் என்று பார்த்துவிடுவது நல்லது. இங்கே சொல்வதெல்லாம் நான்கு கம்பி, போல்ட் போட்டு இணைத்த நெக், 34 இன்ச் ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்) என்ற வழக்கமான பேஸுக்கு.

வாங்கப் போகும்போது

நன்றாக வேலை செய்யும் கேபிள், போனில் ஒரு ட்யூனர், ஆலன் கீ செட், 9 வோல்ட் பேட்டரி, முடிந்தால் மல்டிமீட்டர். இவ்வளவும் பையில் இருக்கட்டும். பேஸைக் கையில் வாங்கியதும் முதலில் இ, ஏ, டி, ஜி என்று சரியாக ட்யூன் செய்யுங்கள். நான்கு கம்பிகளும் சேர்ந்து சுமார் 80 கிலோ அளவுக்கு நெக்கை இழுக்கின்றன. அந்த இழுப்பு இருக்கும்போதுதான் நெக் தன் உண்மையான வளைவைக் காட்டும். கம்பி தளர்ந்து கிடக்கும் பேஸைப் பார்த்து விலை பேசாதீர்கள்.

ஹெட்ஸ்டாக் (கம்பியை முறுக்கும் தலைப்பகுதி) பக்கம் கண்ணை வைத்து நெக்கின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். கம்பியின் பக்கமாக லேசான வளைவு இருக்கத்தான் வேண்டும். ஒரு ஓரம் ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் வளைந்திருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. பாடியோடு சேரும் இடத்தில் கடைசி சில ஃப்ரெட்டுகள் மேல்நோக்கி எழும்பியிருந்தால் ஃப்ரெட் தேய்ப்பு வேலை காத்திருக்கிறது என்று பொருள். அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பிறகு ட்ரஸ் ராட், அதாவது நெக்கின் வளைவைக் கட்டுப்படுத்த உள்ளே ஓடும் உலோகத் தண்டு. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் கால் சுற்று தளர்த்தி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அதன் முனையிலுள்ள திருகு நட் பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றினாலோ, முழுக்க இறுகியிருந்தும் நெக் வில்லாக வளைந்திருந்தாலோ, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

ஜி கம்பியில் 5 முதல் 7 வரையிலான ஃப்ரெட்டுகளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மீட்டி, தானாக அடங்கும்வரை கேளுங்கள். ஃபெண்டர் (அமெரிக்க கிட்டார் நிறுவனம்) பாணி நெக்குகளில் இந்தப் பகுதியில் ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துப்போவது தெரிந்த விஷயம். கம்பியின் ஆற்றலை நெக்கின் சொந்த அதிர்வு விழுங்கிவிடுவதுதான் காரணம் என்பதால், எந்தப் பிக்கப்பும் இதைத் தீர்க்காது. ஹெட்ஸ்டாக்கில் சிறு எடையுள்ள கிளாம்ப் ஒன்றைப் பொருத்தினால் அந்த இடம் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். லேசாக இருந்தால் பரவாயில்லை. ஒரு நொடியிலேயே அடங்கிவிட்டால் வேறு பேஸ் பாருங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைசியில். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அது பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் போதும். சத்தமே வராவிட்டால் கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். பாசிவ் (பேட்டரி இல்லாத) பேஸில் வால்யூமும் டோனும் முழுக்கத் திறந்த நிலையில், ஃபெண்டரின் பிரெசிஷன் மாடல் வகை பிக்கப் சுமார் 10 கிலோ ஓம் காட்டும். இரண்டு பிக்கப் கொண்ட ஜாஸ் மாடல் வகையில் இரண்டு வால்யூமும் திறந்திருந்தால் 3.5 முதல் 4 கிலோ ஓம் வரை. பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட், எல்லையில்லாமல் போனால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. ஆக்டிவ் (பேட்டரியில் ஓடும்) பேஸில் இந்த அளவு எதையும் சொல்லாது, அங்கே முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

எந்த வகை வாங்குவது என்று கேட்டால், கையைப் பொறுத்தது. ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரெசிஷனுக்கு நட் (ஹெட்ஸ்டாக்கின் அருகே கம்பிகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) அகலம் 41 மிமீ-க்கு மேல். 1960-இல் வந்த ஜாஸ் பேஸுக்கு 38 மிமீ. இன்று வரும் பெரும்பாலான பேஸ்கள் இந்த இரண்டில் ஒன்றின் வழியில் வந்தவைதான். விரல் எட்டாதவர்கள் 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல் பேஸைப் பார்க்கலாம். ஆனால் அதற்கான கம்பியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், நீளக் கம்பியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதியே ட்யூனரில் (ஹெட்ஸ்டாக்கின் முறுக்காணி) சுற்றிக்கொண்டு உடையும்.

செட்டப்: வரிசையை மாற்றாதீர்கள்

கம்பி, ட்யூனிங், நெக் வளைவு, கம்பி உயரம், இன்டொனேஷன் (நெக் முழுவதும் சுருதி சரியாக இருப்பது), பிக்கப் உயரம். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நெக்கைத் தொட்டால் உயரம் மாறும், உயரத்தைத் தொட்டால் இன்டொனேஷன் மாறும். நடுவில் ஆரம்பித்தவர் முதலிலிருந்து திரும்ப வர வேண்டியிருக்கும்.

45-65-85-105 அளவில் (ஆயிரத்தில் ஒரு இன்ச் கணக்கில் தடிப்பு) புதுக் கம்பி போடுங்கள். பழைய கம்பியில் இன்டொனேஷன் பார்ப்பது வீண். தேய்ந்து அழுக்கேறிய கம்பி அதன் நீளம் முழுவதும் ஒரே எடையில் இருக்காது. கம்பியை வெட்டும் முன், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்கோணமாக மடித்துவிடுங்கள், இல்லையேல் மேல்சுற்று உள்ளே வழுகிப் பிரிந்து கம்பி சத்தமிழந்துவிடும். அதன் ட்யூனரைத் தாண்டி 10 முதல் 12 செமீ விட்டு வெட்டி, நுனியைத் தண்டின் துளைக்குள் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வருமாறு சுற்றுங்கள். ட்யூன் செய்த பிறகு நட்டுக்குப் பக்கத்திலும் சேடிலுக்கு (பாடியிலுள்ள பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) பக்கத்திலும் கம்பியை விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. அங்கே கம்பி மடங்கும் இடம் கூர்மையாக இல்லாவிட்டால் இன்டொனேஷன் எத்தனை முறை பார்த்தாலும் நிற்காது.

நெக் வளைவை அளக்க, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, நெக் பாடியோடு சேரும் ஃப்ரெட்டில் இ கம்பியை அழுத்துங்கள். இப்போது கம்பியே நேர்கோட்டு அளவுகோல். எட்டாம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே சுமார் 0.3 மிமீ இடைவெளி வேண்டும். மோட்டார் உதிரிக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். அதுவும் இல்லையென்றால் சாதாரண ஏ4 தாள் மூன்றை அடுக்கினால் ஏறக்குறைய அந்தத் தடிப்புதான். இடைவெளி அதிகமானால் ட்ரஸ் ராட்டை வலச்சுற்றாக இறுக்கவும், குறைந்தால் இடச்சுற்றாகத் தளர்த்தவும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மறுபடி ட்யூன் செய்து அளந்து, ஓர் இரவு விட்டு மீண்டும் பாருங்கள், மரம் மெதுவாகத்தான் நகரும். கீயின் அளவு முக்கியம்: சில பேஸ்களில் இன்ச், சிலவற்றில் மில்லிமீட்டர். ‘கிட்டத்தட்டப் பொருந்துகிற’ கீயால் திருகி ட்ரஸ் ராட் நட்டின் முனைகளை மழுக்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய சேதம்.

கம்பி உயரத்தை 17-ஆம் ஃப்ரெட்டில், கேப்போ இல்லாமல் அளக்கவும். இ பக்கம் 2.4 மிமீ, ஜி பக்கம் 2 மிமீ. இது நல்ல தொடக்கம். அடித்து வாசிப்பவர்கள் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்கள். சேடில்களை அடிவரை இறக்கியும் உயரமாகவே இருந்தால் நெக்கின் கோணம்தான் பிரச்சினை. கம்பியைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஷிம் ஒன்றை வையுங்கள், விசிட்டிங் கார்டுத் துண்டே போதும். திருகுகளைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கம் சுற்றி ‘டக்’ என்று பழைய மரையில் விழுவதை உணர்ந்த பிறகே இறுக்குங்கள். நேராக முடுக்கினால் மரத்தில் புது மரை வெட்டிவிடும்.

கம்பி ஃப்ரெட்டில் உரசும் இரைச்சல் வந்தால் எங்கே வருகிறது என்று கேளுங்கள். கம்பியை அழுத்தாமல் மீட்டும்போது மட்டும் என்றால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் என்றால் நெக் மிக நேராக இருக்கிறது. 12-க்கு மேலே மட்டும் என்றால் சேடில் தாழ்ந்திருக்கிறது அல்லது நெக்கின் முனை எழும்பியிருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் உயரமாக நிற்கிறது: ஏடிஎம் கார்டின் ஓரத்தை மூன்று ஃப்ரெட்டுகள் மேல் நிறுத்தி ஆட்டுங்கள், ஊஞ்சலாடினால் நடுவில் இருப்பதுதான் குற்றவாளி.

இன்டொனேஷனுக்கு, 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மானிக்கை (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) போனிலுள்ள ட்யூனரில் பார்த்து, பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டிப் பாருங்கள். அழுத்தியது ஷார்ப் (சுருதி ஏறி) என்றால் சேடிலைப் பின்னால், நெக்கை விட்டு விலகத் தள்ளவும், ஃப்ளாட் (சுருதி இறங்கி) என்றால் முன்னால். வாசிக்கும் நிலையில் பேஸைப் பிடித்துக்கொண்டே செய்யுங்கள். மேசையில் படுக்க வைத்தால் அளவு மாறும்.

பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தபடி, இ பக்கம் 2.8 மிமீ, ஜி பக்கம் 2 மிமீ. இதைவிட நெருக்கினால் காந்தம் கம்பியை இழுக்கும், சுருதி அலையும். திருகைத் தளர்த்தியும் பிக்கப் மேலே வரவில்லையா? அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் வயதாகி மடிந்துவிட்டது. புதுத் துண்டு வெட்டி வையுங்கள்.

ஹம்

கம்பியைத் தொட்டதும் ஹம் (ஆம்பில் கேட்கும் தொடர் முழக்கம்) குறைந்தால் கிரவுண்ட் இணைப்பு சரி, ஷீல்டிங்தான் (வெளி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கவசம்) போதவில்லை. தொட்டதும் அதிகமானால் ஜாக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே அளவு பலத்த ஹம் என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் வயரை முதலில் பாருங்கள். ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமும் முழுக்க இருக்கும்போது ஹம் இல்லாமல், ஒன்றைக் குறைத்ததும் வந்தால் பழுதல்ல. ஒன்றின் ஹம்மை மற்றது எதிர்த்து அழிக்கும் அமைப்பு அது. ஒன்றைக் குறைத்தால் கணக்கு கலையும்.

ஷீல்டிங்குக்கு, பசைப் பக்கமும் மின்சாரம் கடத்தும் செம்பு டேப் வாங்குங்கள். குழிகளின் தரை, சுவர், பாடியின் மேல் தகடான பிக்கார்டின் அடிப்பக்கம் எல்லாம் ஒட்டி, ஒரு துண்டு அடுத்ததன் மேல் 5 மிமீ ஏறும்படி வையுங்கள். மல்டிமீட்டரில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு பீப் சத்தம் வர வேண்டும். பிறகு டேப்பிலிருந்து ஒரு வயரை பாட்டின் (குமிழின் அடியிலுள்ள மாறும் மின்தடை) முதுகுக்கு சால்டர் செய்யுங்கள். பாட்டின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, 60 வாட் அயர்னால் சீக்கிரம் முடிக்க வேண்டும். சின்ன அயர்னை வெகுநேரம் வைத்தால்தான் பாட் வெந்துபோகும். மூடியபின் சத்தமே இல்லையென்றால் ஜாக்கின் சிக்னல் முனை செம்பில் இடிக்கிறது, அங்கே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள்.

மாற்றங்கள்

இதற்குப் பிறகும் ஒலி பிடிக்கவில்லையென்றால் இப்போது காசு செலவழிக்கலாம். முதலில் கம்பி. நிக்கல் ரவுண்ட்வூண்டிலிருந்து (உருண்டை வயர் சுற்றிய கம்பி) ஃப்ளாட்வூண்டுக்கு (தட்டை வயர் சுற்றிய வழவழப்பான கம்பி) மாறுவது பிக்கப் மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரெசிஷனில் ஃப்ளாட்வூண்ட் போட்டு, அதை அபூர்வமாகவே மாற்றினார்.

பாசிவ் பேஸுக்கு 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர் (காதுக்குச் சீராகச் சத்தம் ஏறும் வகை) பாட், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்பது வழக்கம். கெப்பாசிட்டரில் மதிப்புதான் ஒலியை மாற்றும், விலையல்ல. அதிக விலை கொடுத்து ‘வின்டேஜ்’ கெப்பாசிட்டர் வாங்குவது அலங்காரம்.

ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் வேறு பிராண்டுக்கு மாற்றிய பிறகு, இரண்டையும் சேர்த்தால் அடி ஒலி மறைந்து தகரம்போல் கேட்டால் இரண்டின் சமிக்ஞையும் ஒன்றுக்கொன்று எதிராக (எதிர் ஃபேஸில்) இருக்கிறது. புதிய பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். அதன் உலோக உறையோ ஷீல்டோ ஒரு வயரோடு இணைந்திருந்தால் மட்டும், முதலில் அதைப் பிரித்துத் தனியே கிரவுண்ட் செய்ய வேண்டும். புஷ்-புல் பாட் (இழுத்தால் சுவிட்சாகும் குமிழ்) போட்டு இரண்டு பிக்கப்பையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைப்பதற்கும் இதே எச்சரிக்கை. சீரிஸில் சத்தம் கூடும், நடுப்பகுதி தடிக்கும்.

பராமரிப்பு, கொஞ்சம்

கடற்கரை ஊர்களில் சேடில் திருகுகள் துருப்பிடித்து அசையாமல் நிற்கும். வருடத்துக்கு இருமுறை ஒவ்வொன்றிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். ரோஸ்வுட் விரல் பலகைக்கு லெமன் ஆயில் போதும், தேங்காய் எண்ணெய் சிக்குப் பிடித்துக் கெட்டுப்போகும். லாக்கர் பூசிய மேப்பிளுக்கு ஈரம் பிழிந்த துணி மட்டும். ஆக்டிவ் பேஸில் கேபிளைச் செருகியதுமே பேட்டரி ஓடத் தொடங்கும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுங்கள்.

ஆம்ப் பக்கம் ஒரே ஒரு விஷயம். 8 ஓம் ஸ்பீக்கர் கேபினட் இரண்டை இணையாக மாட்டினால் 4 ஓம் ஆகும். ஹெட்டின் (தனிப்பெட்டியாக வரும் ஆம்ப்) பின்னால் குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருந்தால் மூன்றாவதை மாட்டாதீர்கள். ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் ஸ்பீக்கர் கேபிளையே போடுங்கள். கிட்டார் கேபிளின் மெல்லிய உள்வயர் அந்த மின்னோட்டத்தில் சூடாகி உருகும்.